மாறுகண்ணும் மெழுகுவர்த்தி ஒளியும்: புதுக்கோட்டைச் சீமையில் கண் பரிசோதனை கடந்துவந்த வழி

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சீமையிலும், 1974 சனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்திலும், கண் மருத்துவம் நெடுங்காலமாக முதியோரின் கண்புரையைச் சுற்றியே வளர்ந்து வந்துள்ளது. குழந்தையின் மாறுகண், வலி தராத குறை என்பதாலும் பார்வை முழுவதையும் பறித்துவிடாத குறை என்பதாலும், அந்த வளர்ச்சியின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. ஒரு கண் பொருளை நேராக நோக்க, மற்றொன்று மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ மேலோ கீழோ விலகி நிற்கும் நிலையே மாறுகண் எனப்படும். உலக அளவில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இக்குறை உடையவர்கள் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 16 லட்சத்து 18 ஆயிரம் பேர் வாழும் இம்மாவட்டத்துக்கு அந்த விகிதத்தின் கீழ் எல்லையைப் பொருத்தினாலும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது குறிக்கும். ஸ்மார்ட்போனும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து இக்குறையைக் கண்டறியும் முயற்சி இன்று புதுமையாகப் பேசப்பட்டாலும், அதன் அடிப்படையான பரிசோதனை நூற்று நாற்பது ஆண்டுப் பழமை உடையது. அது குழந்தைகளிடம் வந்து சேராமல் போனதற்கான காரணங்கள் கருவியில் அல்ல, மருத்துவம் யாரைத் தேடிச் சென்றது என்பதில் அடங்கியுள்ளன.

சோழர் காலத்து மருத்துவத்துக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் திருமுக்கூடல் கல்வெட்டு, வீரராசேந்திரன் காலத்தில் பதினைந்து படுக்கைகளுடன் இயங்கிய ஆதுலர் சாலை என்னும் ஒரு மருத்துவமனையையும், அங்கே ஆண்டுதோறும் இருப்பு வைக்கப்பட்ட மருந்துகளையும் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் சுநேத்ரி என்னும் பெயரும் உண்டு; நல்ல கண் என்று பொருள்படும் அப்பெயரைக் கொண்டு அதைக் கண் மருந்தாகக் கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது. புதுக்கோட்டைக்கு அண்டையிலிருந்த தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆட்சியிலிருந்த இரண்டாம் சரபோசி, கண் நோயாளிகளின் நோய் விவரங்களைக் கண்களின் வண்ணப் படங்களோடு பதிவு செய்து வைக்கச் செய்தார். அவ்வேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நோயாளியின் கண்ணைப் படமாக்கி, அப்படத்தை மருத்துவச் சான்றாகக் கொள்ளும் வழக்கம், ஒளிப்படக் கருவி இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே காவிரிப் படுகையில் வேரூன்றியிருந்தது என்பது இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாமல் போன செய்தியாகும்.

ஆனால் அரண்மனை மருத்துவம் எட்டிய இடம் சிறிது. கிராமங்களில் கண்புரைக்கு மருத்துவம் செய்தவர்கள் ஊர் ஊராகச் சென்ற நாட்டு வைத்தியர்களே. கூரிய கருவியால் ஒளி மறைக்கும் விழிலென்சைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது அவர்களது முறை. அப்போதைக்குப் பார்வை தெளிந்தாலும், பின்னர் சீழ் பிடித்தும் கண்ணழுத்தம் ஏறியும் பலர் கண்ணை இழந்தனர். 1904 முதல் சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இம்முறையால் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து 1918இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். அவர் பணியாற்றிய மருத்துவமனை, 1819இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியால் கண் நோய்க்கென்றே நிறுவப்பட்டது. 1805இல் தொடங்கிய லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. எனினும் ஆலங்குடியிலோ திருமயத்திலோ இருந்த ஓர் உழவர் குடும்பத்துக்கு அது எட்டாத தொலைவிலிருந்த பெருநகர மருத்துவமனையாகவே இருந்தது.

மாறுகண்ணைப் பொறுத்தவரை தொலைவு மட்டுமே தடையாக இருக்கவில்லை. கண்புரை வந்தவர் தட்டுத் தடுமாறுவதால் வீட்டாருக்கு அது நோயாகத் தெரிந்தது. மாறுகண் உள்ள குழந்தையோ ஓடியாடி விளையாடியது. மாறுகண் அதிர்ஷ்டம் என்னும் நம்பிக்கையும், தொட்டிலுக்கு மேல் கிலுகிலுப்பையை முகத்துக்கு மிக அருகே கட்டியதால் வந்தது என்னும் விளக்கமும், வளர வளரத் தானே சரியாகிவிடும் என்னும் பெரியோர் சொல்லும் தமிழகம் எங்கும் வழங்கியவை. கண் நோய் தீர்ந்தால் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்ளும் வழக்கமும் அவற்றோடு சேர்ந்தே வாழ்ந்தது. புதுக்கோட்டைக்குத் தெற்கே சிவகங்கைச் சீமையின் நாட்டரசன்கோட்டையில் உள்ள கண்ணுடைய நாயகி இந்நேர்த்திக்குப் பெயர் பெற்ற தெய்வம். இந்த நம்பிக்கைகளை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. மருத்துவம் கைக்கெட்டாத ஊரில் குழந்தையின் முகத்தைக் கேலியிலிருந்து காக்க அதிர்ஷ்டம் என்னும் சொல் ஓர் அரணாகவும் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆயினும் அந்த அரண் குழந்தை வளர்ந்து மணம் பேசும் வயதுக்கு வந்ததும், குறிப்பாகப் பெண் மக்களுக்கு, உதவவில்லை.

காத்திருப்பதால் வரும் கேடு முகத்தோற்றத்தைப் பற்றியது மட்டுமல்ல. இரு கண்களும் வேறு வேறு திசை நோக்கும்போது மூளைக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இரு காட்சிகள் சென்று சேர்கின்றன. வளரும் குழந்தையின் மூளை அவற்றுள் ஒன்றைப் புறக்கணிக்கப் பழகிக்கொள்கிறது. அவ்வாறு புறக்கணிக்கப்பட்ட கண், அமைப்பில் குறையேதும் இல்லாதிருந்தும் கண்ணாடி போட்டாலும் தெளியாத மங்கலில் நின்றுவிடுகிறது. இதையே சோம்பேறிக் கண் என்கிறார்கள். டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து ஆராய்ந்து, இளம்பருவத்தில் காட்சி கிடைக்காத கண்ணுக்கு மூளையில் உரிய இடமும் சுருங்கிவிடுவதைக் காட்டினர். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைகளிடம் இதைத் திருத்த ஏற்ற காலம் ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை என்பதும், அதற்குப் பின் பலன் படிப்படியாகக் குறைகிறது என்பதும் மருத்துவர்களின் பொதுவான கருத்து. இன்னொரு காரணமும் உண்டு: விழித்திரையில் தோன்றி உயிருக்கே ஆபத்தாகும் புற்றுநோய் ஒன்று, சில குழந்தைகளிடம் முதன்முதலில் மாறுகண்ணாகவே வெளிப்படுகிறது. ஆகவே இதில் தாமதம் என்பது வெறும் தாமதமாக முடிவதில்லை.

ஐரோப்பாவில் மாறுகண்ணுக்கான அறுவை மருத்துவம் 1839 அக்டோபரில் பெர்லின் நகரில், யோஹான் டிஃபன்பாக் என்னும் மருத்துவர் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கண் தசையைத் துண்டித்து விழியை நேராக்கியதோடு தொடங்கிற்று. ஒவ்வொரு விழியையும் அசைக்கும் ஆறு தசைகளுள் இழுப்பு மிகுந்ததைத் தளர்த்தியும் குறைந்ததை இறுக்கியும் சமன்செய்யும் இன்றைய முறை அதிலிருந்து படிப்படியாக உருவானது. அதே நகரில் 1880களில் யூலியஸ் ஹிர்ஷ்பெர்க் என்னும் கண் மருத்துவர் கண்டறிந்த பரிசோதனையே இக்கட்டுரையின் மையப் பொருளோடு நேரடித் தொடர்புடையது. நோயாளியின் முகத்துக்கு எதிரே மெழுகுவர்த்தியைப் பிடித்து, கார்னியா எனப்படும் கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தில் சுடரின் ஒளிப்புள்ளி எங்கே விழுகிறது என்று அவர் நோக்கினார். இரு கண்களிலும் பாப்பா எனப்படும் கண்மணியின் நடுவிலோ ஒத்த இடத்திலோ புள்ளி விழுந்தால் கண்கள் நேராக உள்ளன; ஒரு கண்ணில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் விழுந்தால் அந்த மற்றக் கண் விலகியிருக்கிறது. புள்ளி ஒரு மில்லிமீட்டர் விலகினால் கண் ஏறத்தாழ ஏழு பாகை திரும்பியிருப்பதாக அக்காலத்தில் கொள்ளப்பட்டது. பின்னர் ஒளிப்படங்களைக் கொண்டு அளந்தவர்கள் அத்திருப்பம் அதைவிட மிகுதி என்று திருத்தினார்கள். பேசத் தெரியாத குழந்தையிடமும் எழுத்தறியாதவரிடமும் செய்யத்தக்க, செலவே இல்லாத பரிசோதனை இது. மருத்துவ வரலாற்றில் இத்துணை எளிய கருவியால் இத்துணைப் பயன் தந்த முறைகள் மிகச் சிலவே. கண் மருத்துவத்தின் முழு வரலாற்றையும் பல தொகுதிகளாக எழுதியவரும் இதே ஹிர்ஷ்பெர்க் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது.

அந்த எளிய பரிசோதனை புதுக்கோட்டைக் குழந்தைகளைத் தேடி வரவேண்டுமானால், நோய் என்று சொல்லி வருபவரை மட்டும் பார்க்கும் மருத்துவம், நோயில்லை என்று எண்ணப்படுபவரையும் போய்ப் பார்க்கும் மருத்துவமாக மாறவேண்டியிருந்தது. அம்மாற்றத்தைச் சட்டமன்றத்தில் வலியுறுத்தியவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவால் ஆண்களுக்கான மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தொடக்கத்தில் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கண் மருத்துவமனையிலும் பணியாற்றியவர். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த அவர், நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளிகளில் மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று பரிந்துரைத்தார். தேவதாசி முறை ஒழிப்புக்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் கிடைத்த புகழில் இப்பரிந்துரை மங்கிப்போயிற்று. ஆனால் பள்ளிக்கே சென்று குழந்தைகளைப் பார்ப்பது என்னும் கருத்துக்கு இம்மாவட்டம் பெருமையோடு உரிமை கொண்டாட இடமுண்டு.

கருத்து நடைமுறைக்கு வரக் காலம் பிடித்தது. 1934இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை, ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த புதுக்கோட்டை மக்களுக்குக் கண் மருத்துவத்தைப் பேருந்துப் பயணத் தொலைவுக்குள் கொண்டுவந்தது. 1976ஆம் ஆண்டு இரு வகையில் முக்கியமானது: அவ்வாண்டில்தான் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது, அதே ஆண்டில் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். இவற்றைத் தொடர்ந்து தென்மாவட்டங்கள் எங்கும் பெருகிய இலவசக் கண் சிகிச்சை முகாம், தமிழகக் கிராம வாழ்வின் நிலையான நிகழ்ச்சியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, கண்புரை என்று தேர்ந்தெடுக்கப்பட்டு, மாற்றுத்துணிப் பையோடு மருத்துவமனைப் பேருந்தில் ஏறி, அறுவைக்குப் பின் கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பிய முதியவர்களின் எண்ணிக்கை பல லட்சம். இவ்வமைப்பின் சாதனை ஐயத்துக்கு இடமற்றது. எனினும் பார்வையை அடியோடு இழந்தவர்களைத் தேடவே அது வகுக்கப்பட்டது; ஒரு கண்ணால் நன்றாகப் பார்க்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த வரிசையில் இடமிருக்கவில்லை.

1990களில் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் பள்ளிக் கண் பரிசோதனை சேர்க்கப்பட்டதும், 2009இல் தமிழக அரசு கண்ணொளி காப்போம் திட்டத்தின் வழியாக மாணவர்களைப் பரிசோதித்து இலவசக் கண்ணாடி வழங்கத் தொடங்கியதும், 2013இல் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்லும் முறை வந்ததும் அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பின. ஆயினும் பள்ளிப் பரிசோதனையின் அச்சாணியாக நின்றது, 1862இல் நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்த, மேலிருந்து கீழாக எழுத்துகள் சிறுத்துச் செல்லும் அட்டை. கிட்டப்பார்வையைப் பிடிப்பதில் சிறந்து விளங்கும் இந்த அட்டை, எழுத்தோ படமோ அடையாளம் சொல்லத் தெரியாத சிறு குழந்தைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சரியாக மூடிப் பார்க்காவிட்டால், நல்ல கண்ணின் துணையால் மாறுகண் உடைய குழந்தையும் தேர்ச்சி பெற்றுவிடும். மேலும் இந்தியக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வெளிப்புற மாறுகண் பெரும்பாலும் விட்டுவிட்டுத் தோன்றுவது. களைப்பிலும் கடும் வெயிலிலும் தூக்கக் கலக்கத்திலும் வெளிப்பட்டு, பரிசோதகர் முன் நிற்கும் சில நொடிகளில் மறைந்துகொள்வது. தாய் பலமுறை பார்த்ததை மருத்துவக் குழு ஒருமுறைகூடப் பார்க்காமல் போவதற்கு இதுவே காரணம். அவ்வேளையில் தாயின் சொல்லை நம்பாமல் அனுப்பிவிடுவது இத்துறையில் நெடுநாளாக நிகழ்ந்துவரும் பெரும் பிழைகளுள் ஒன்று.

இங்கேதான் ஸ்மார்ட்போனின் பயன் தெளிவாகிறது. தமிழகக் கண் மருத்துவம் தொலைத்தொடர்பைப் பயன்படுத்துவதில் முன்னோடியாக இருந்து வந்துள்ளது: 2000களின் முற்பகுதியிலேயே அரவிந்த் மருத்துவமனை தேனிப் பகுதியில் சிறு பார்வை மையங்களைக் கம்பியில்லா இணைப்பால் தலைமை மருத்துவருடன் இணைத்தது; 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் கேட்டைக் கணினி கண்டறியும் என்று காட்டிய ஆய்வில், அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் விழித்திரைப் படங்களும் பயன்பட்டன. தமிழ்நாடு மின்னாளுமை முகமை உருவாக்கிய ஈ-பார்வை என்னும் செயலி, களப்பணியாளர் தொலைபேசியில் எடுக்கும் படத்தைக் கொண்டு கண்புரை உள்ளதா என்று சொல்ல வல்லது. இங்கும் முதலில் தேடப்பட்டது கண்புரையே என்பது கவனிக்கத் தக்கது. மாறுகண்ணுக்கான செயலிகளுள் அறியப்பட்ட ஒன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஷெப்பென்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் காங் லுவோ குழுவினர் உருவாக்கிய ஐடர்ன். தொடர்ந்து சீனாவிலும் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் முகப்படத்திலிருந்து மாறுகண்ணைக் கண்டறியும் கணினி முறைகள் ஆராயப்பட்டு வருகின்றன.

இச்செயலிகள் பலவற்றின் அடிப்படை ஹிர்ஷ்பெர்க்கின் மெழுகுவர்த்தியே. சுடருக்குப் பதிலாகத் தொலைபேசியின் பிளாஷ் விளக்கு எரிகிறது. படத்தில் முகத்தையும், முகத்தில் கண்களையும், கண்ணில் ஐரிஸ் எனப்படும் நிற வளையத்தின் விளிம்பையும், அதன் நடுப்புள்ளியிலிருந்து ஒளிப்புள்ளி விலகிய தொலைவையும் கணினி அளக்கிறது. ஐரிஸின் குறுக்களவு பெரும்பாலான மனிதர்களுக்குப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர் என்பதால், அதுவே படத்துக்குள் இருக்கும் அளவுகோலாகிவிடுகிறது. மாறுகண் உள்ளது, இல்லை என்று மருத்துவர்கள் முன்னரே முடிவு செய்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, வேறுபாட்டைக் கணினி தானே கற்றுக்கொள்ளச் செய்வது மற்றொரு வழி. செயற்கை நுண்ணறிவு என்று இத்துறையில் முதன்மையாகக் குறிக்கப்படுவது இதுவே. களைப்பான அந்தி வேளையில் வீட்டிலேயே படம் எடுக்க முடியும் என்பதால், விட்டுவிட்டுத் தோன்றும் மாறுகண்ணும் சிக்கிக்கொள்கிறது.

குறைபாடுகளும் வெளிப்படையானவை, அவற்றுள் சில நம் நாட்டுக்கே உரியவை. நீலக் கண்ணிலோ சாம்பல் நிறக் கண்ணிலோ கறுத்த பாப்பாவின் விளிம்பு தெளிவாகத் தெரியும்; அடர்பழுப்பு ஐரிஸ் உடைய தமிழ்க் குழந்தையின் கண்ணில் சாதாரண வெளிச்சத்தில் பாப்பாவையும் ஐரிஸையும் பிரித்தறிவது கடினம். பிற நாட்டுக் கண்களைப் பார்த்துக் கற்ற கணினி இங்கே தடுமாற இடமுண்டு. மூக்குத்தண்டு தட்டையாகவும் கண்ணின் உள்ளோரத் தோல் மடிப்பு அகலமாகவும் உள்ள குழந்தைகளின் நேரான கண்கள்கூட உள்நோக்கித் திரும்பியவைபோல் தோன்றும். இப்போலி மாறுகண்ணைத் தோற்றத்தால் மட்டும் கற்ற செயலி உண்மை என்று எண்ணிவிடலாம். குழந்தைக்குத் தடித்த கண்மை இடும் வழக்கமும் இமை விளிம்பைக் கணினிக்கு மறைத்துக் குழப்பக்கூடும். மூடும்போது மட்டும் விலகும் மறைமுக மாறுகண்ணை ஒற்றைப் படம் காட்டாது. அதற்கு ஒரு கண்ணை மூடித் திறந்து மற்றதன் அசைவைப் பார்க்கும் பழைய பரிசோதனையே தேவை. ஆகவே செயலி சொல்வது முடிவு அன்று, மருத்துவரிடம் அனுப்பவேண்டிய குழந்தை யார் என்னும் குறிப்பு மட்டுமே. எந்தச் செயலியையும் தமிழகக் குழந்தைகளின் கண்களில் சோதித்துப் பார்க்காமல் களத்துக்கு அனுப்புவது தவறு என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

களம் என்பது இம்மாவட்டத்தில் பெரும்பாலும் பெண்களால் ஆனது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், கல் உடைக்கும் தொழிலாளர் முதல் வயல் வேலை செய்வோர் வரை எழுத்தறியாத பல்லாயிரம் பெண்களைச் சென்று சேர்ந்தது. அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாகப் பெண்கள் திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றதும் நாடறிந்த செய்தி. அரசுத் திட்டம் ஒன்றை வீட்டு வாசல் வரை கொண்டுசேர்க்கும் ஆற்றல் ஊர்ப் பெண்களிடம் உண்டு என்று அந்த இயக்கம் மெய்ப்பித்தது. இன்று அந்த இடத்தில் நிற்பவர் அங்கன்வாடிப் பணியாளர். குழந்தையின் எடையையும் உயரத்தையும் மாதந்தோறும் அளப்பவர் அவரே. 2021இல் நடைமுறைக்கு வந்த போஷன் டிராக்கர் செயலியில் அவ்வளவுகளைப் பதிவதற்காக ஸ்மார்ட்போனைக் கையாள்பவரும் அவரே. இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள், அதாவது பள்ளிப் பரிசோதனை தொடங்கும் முன்பே சோம்பேறிக் கண் உருவாகிவிடக்கூடியவர்கள், நாள்தோறும் அவர் முன்னிலையில் இருக்கிறார்கள். எடை போடும் நாளில் ஒரு படமும் எடுப்பதற்குத் தனிக் கருவி வாங்கவேண்டியதில்லை. பயிற்சியும், கூடுதல் வேலைக்கு உரிய ஊதியமும், படம் யாரிடம் போகிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லி இசைவு பெறும் முறையும் வேண்டும்.

அனுப்பப்படும் குழந்தைக்குச் செய்யவேண்டியவை பெரும்பாலும் எளியவை, ஆனால் நீண்டவை. தூரப்பார்வைக் குறையால் உள்நோக்கித் திரும்பிய கண் சிலருக்குக் கண்ணாடி அணிந்த மாத்திரத்திலேயே நேராகிவிடும். சோம்பேறிக் கண் ஆகிவிட்டவர்களுக்கு நல்ல கண்ணை மூடி ஒட்டுப்போட்டு, மங்கிய கண்ணை வேலை செய்ய வைக்கவேண்டும். நடுத்தர அளவு மங்கலுக்கு நாளுக்கு இரண்டு மணி நேர ஒட்டு ஆறு மணி நேர ஒட்டுக்கு இணையான பலன் தருகிறது என்று 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருப்பது, குழந்தைக்கும் தாய்க்கும் பெரிய ஆறுதல். ஒட்டைப் பிய்த்தெறியும் குழந்தையோடு மாதக்கணக்கில் போராடுவதும், சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவதும்தான் குடும்பங்கள் பாதியில் கைவிடும் இடம். மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ ஒவ்வொரு முறை சென்று வருவதும் ஒரு நாள் கூலியை இழப்பதாகும். முதல் படத்தை எடுத்த அதே பணியாளர் அதே தொலைபேசியில் மாதமொரு படம் எடுத்து அனுப்பினால், கண் திரும்பிய கோணம் குறைகிறதா, கூடுகிறதா என்பதை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்து, எந்த மாதம் நேரில் வரவேண்டும், எப்போது தசை அறுவையைப் பற்றி முடிவெடுக்கவேண்டும் என்று அங்கிருந்தே சொல்ல முடியும். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே இயங்கிவரும் அரசு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவு அந்தப் படங்கள் வந்து சேரத் தக்க முதல் இடமாகும்.